அப்பையா எழும்புற நேரம்

செத்துக் கிடக்கிறது லேசான வேலையெண்டு நினைக்கிறியளே, ஒருக்கா வந்து கிடந்து பாருங்கோ, அதுவும் வன்னி வெய்யிலில, பள்ளிக்கூட முத்தத்துச் சுடுமணலில, மூஞ்சையில கரிமீசையும் இடுப்பில ஆம்பிளைச் சாறமுமா, தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளைத் துணியால மூடிக்கொண்டு, இருமக்கூடாது, தும்மக்கூடாது, வேர்வை கன்னத்தால வழிஞ்சு காதுக்குள்ள குளம் கட்டினாலும் துடைக்கக்கூடாது, வயிறு ஏறி இறங்கக்கூடாது, வயிறு சொன்னாக் கேக்குமே, காலமை ஒரு பிளேன் ரீயோட வெளிக்கிட்டது, அது கிடந்து கத்துது, பிணத்தின்ர வயிறு கத்தினா முன்வரிசைப் பிள்ளையளுக்கு அதுவே ஒரு தனிப் பகிடி. துணியையும் சும்மா விட்டிருக்கினமே, நடுவில எங்கட மிதிவெடி விழிப்புணர்வு நிறுவனத்தின்ர சின்னம், ரண்டு கை சேர்ந்து ஒரு பூவை ஏந்துது, எங்கட பொறுப்பாளர் ரூபன் சேர் என்னைப் போர்த்து விடேக்க அந்தச் சின்னம் கமராவைப் பாக்கட்டும் எண்டு துணியை ஒரு சுத்துச் சுத்தி இழுத்து என்ர வயித்துக்கு நேர வைச்சுத் தட்டிப்போட்டுத்தான் போனவர், தலை எந்தப் பக்கம் கால் எந்தப் பக்கம் எண்டு எங்கட சனம் பாக்கும், சின்னம் எந்தப் பக்கம் எண்டு இவை பாப்பினம், ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு சாத்திரம். நான் பவளம், இஞ்ச எல்லாருக்கும் பவளக்கா, மீசை கீறினாப் பிறகு இரும்பு அப்பையா, பழைய இரும்பு பொறுக்கி விக்கிற விசரன், மண்டையோடு போட்ட பலகையைக் கண்டும் காணாமல் செடிப் பத்தைக்குள்ள போய் மிதிவெடியை மிதிச்சுச் சாகிறவன், ஊர் ஊராப் போய் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாச் செத்து, பேச்சு முடிய ரூபன் சேர் கூப்பிட, துள்ளி எழும்பி ஆடி, பிள்ளையளுக்கு இனிப்பு ரொபி குடுத்துப்போட்டு வாறவன். இண்டைக்கு எழும்புறதோ விடுறதோ, அதுதான் இப்ப துணிக்குள்ள கிடந்து நெஞ்சுக்குள்ள உருளுது. சேர் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் பேசி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு முடிவுக்கு வரோணும், அவர் எப்ப முடிச்சவர், அதுக்கு நேரம் கிடக்கு.

"அன்பான மாணவச் செல்வங்களே," தொடங்கிட்டார், குரலைப் பாருங்கோ, மூக்கால பாதி வாயால பாதி, மைக்குக்கு முன்னால நிண்டா இவருக்குக் கழுத்து நீளும், கோழி தண்ணி குடிச்சிட்டு அண்ணாந்து பாக்குமே அந்த மாதிரி, நான் செய்து காட்டினா எங்கட வாகனக்காரத் தம்பி ஸ்ரேரிங்கை விட்டுட்டுச் சிரிப்பான், "நாங்கள் இன்று இங்கே எதற்காகக் கூடியிருக்கிறோம் என்றால்," எதுக்காகக் கூடியிருக்கிறம், மடம் வந்திருக்கிறா எண்டுதான், நிறுவனத்துக்குக் காசு தாற வெள்ளைக்கார மடம், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், இறங்கின உடனை "வனாக்கம் வனாக்கம்" எண்டு கைகூப்பி ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொல்லிக்கொண்டு போறா, பாவம், அவவில எனக்கொரு கோவமும் இல்லை, இல்லையெண்டு சொல்ல ஏலாது, எப்பன் இருக்கு, அவ வாறதாலதான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ரண்டாந்தரம் வந்து நான் சாகவேண்டிக் கிடக்கு. போன மாசம் இதே முத்தத்தில இதே பாலைமரத்துக்குக் கீழ செத்தனான். உள்ளுக்க கிடக்கிற ஊர்ப் பிள்ளையள் ஒருக்காலும் நாடகம் பாக்கேல்லை, அங்க மடத்தின்ர வாகனம் போகாது, ரோட்டு சரியில்லை, ஆகையால ரோட்டுக் கரையில இருக்கிற பிள்ளையளுக்கே திருப்பித் திருப்பி விழிப்புணர்வு, இவை முழிச்ச கண் மூடாமல் கிடக்கினம். "எமது பயனாளிகள்" எண்டுறார். அகதியெண்டினம், இடம்பெயர்ந்தவை எண்டினம், பிறகு மீள்குடியேறினவை, இப்ப பயனாளி, சாகிறதுக்குள்ள இன்னும் எத்தினை பேர் வைப்பினமோ. முதல் நாடகம் போட்டது ஞாபகம் வருது, வெடிச் சத்தத்துக்கு உண்மையான சத்தம் வேணும் எண்டு சேர் சீனவெடி வாங்கித் தந்தவர், செபமாலை அண்ணை கொளுத்தினார், மேளம் அடிக்கிற செபமாலை அண்ணை, சண்டையின்ர கடைசி மட்டும் எங்களுக்குப் பக்கத்துப் பங்கருக்குள்ள கிடந்த மனிசன், வெடிச்சது, நான் விழுந்தன், தலையை உயர்த்திப் பாத்தா முத்தத்தில ஒரு பிள்ளை இருந்தபடி இல்லை, அவ்வளவும் குப்புறக் கிடக்குதுகள், காதைப் பொத்தி, வாயைத் திறந்து, ஆர் பழக்கினது, ஒரு ரீச்சரும் பழக்கேல்லை, பக்கத்தில ரீச்சரும் குப்புறத்தான். ஒரு சின்னனுக்கு மூத்திரம் போயிட்டுது. பிணம் நான் ஒருத்திதான் எழும்பி இருக்கிறன். பிள்ளையள் நல்ல ஈடுபாட்டோட பங்குபற்றினவை எண்டு சேர் பிறகு ஆருக்கோ போனில சொன்னவர். கோதாரியில போவான். அதோட சீனவெடியை நிப்பாட்டி இப்ப செபமாலை அண்ணை மேளத்தில ஒரு தட்டு, பிள்ளையள் வாயால "டமார்" எண்டு கத்துங்கள், கத்திப்போட்டுச் சிரிக்குங்கள். எனக்கும் அது சந்தோசம்தான். சும்மா சொல்லக்கூடாது, சிரிப்புச் சத்தம் கேட்டா எனக்கு வேற சோறு தேவையில்லை.

முசுறு எறும்பு ஒண்டு ஏறீற்றுது. எங்கயெண்டு சொல்லமாட்டன். மெல்லமாப் போகுது, அவசரமில்லாத முசுறு, அதுக்கும் மீற்றிங் போல, போ, போய்க் கடி, கடிக்கிறதெண்டாச் சேரைப் போய்க் கடி, அவர் சப்பாத்துப் போட்டிருக்கிறார், ஏழையைத்தான் கடிப்பாய். அசையக்கூடாது. அப்பையாவை முதலில நான் உண்மையாத்தான் சாகடிச்சனான். ஒத்திகை பாத்த முதல் நாள், செத்தவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போகினம், பொஞ்சாதி ஒப்பாரி வைக்கிறா, முடிஞ்சுது, பிள்ளையள் வாயடைச்சு வீட்ட போகும், அப்பிடித்தான் நான் வைச்சது. சேர் பேனையைத் தட்டிக்கொண்டு இருந்து பாத்துப்போட்டு, "பவளக்கா, இது பிள்ளையளின்ர மனதைப் பாதிக்கும், நாங்கள் பொசிற்றிவா முடிக்கோணும்" எண்டார். செத்தவன் எப்பிடிச் சேர் பொசிற்றிவா முடிப்பான் எண்டு கேட்டன். "எழும்பி வந்து, நான் பிழை விட்டிட்டன், நீங்கள் விடாதையுங்கோ எண்டு சொல்லி, ஒரு டான்ஸ், பிறகு ரொபி, எழுதுறதுக்குக் கொப்பி." அவ்வளவுதான். ஏலாதெண்டு சொன்னனே, சொல்லேல்லை, ஆடச் சொன்னா எனக்குக் கால் சும்மா நிக்காது. அந்தா, அதுதான் முடிவு, ஊர் ஊரா அப்பையா சாகிறான், துணியைப் போர்க்கினம், சேர் பேசுறார், "இரும்பு அப்பையா, எழும்பி வாங்கோ" எண்டுறார், மேளம், நான் துள்ளுறன், பிள்ளையள் விசிலடிக்குங்கள். இண்டைக்குக் காலமை வந்து இறங்கி, பின்பக்கம் தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில கண்ணாடியைக் கொழுவி மீசை கீறிக்கொண்டு நிக்கிறன், கண்ணாடிக்குள்ள பின்னால ஒருத்தன் நடந்து போறான், அப்பையா நடை, கால் ரண்டும் வளைஞ்சு, இடுப்பு ஒரு பக்கம் போக தலை மற்றப் பக்கம் போக, தோளில ஒரு வெறுஞ்சாக்கு, "இரும்பு இருக்கோ இரும்பு, ஓட்டைச் சட்டி உடைஞ்ச சைக்கிள்," என்ர குரல், அப்பிடியே என்ர குரல், அச்சொட்டா, எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, பாருங்கோவன், சந்தோசம் வந்திட்டுது, ஆரடா இவன் என்னை விடத் திறமாச் செய்யிறான் எண்டு திரும்பிப் பாக்கிறன், யதுசன், போன மாசம் முன்வரிசையில இருந்து என்னையே முழுங்கிற மாதிரிப் பாத்தவன். அவனுக்குப் பின்னால ஒரு கூட்டம். அவனுக்கு முன்னால மஞ்சள் நாடா. நாடாவில மண்டையோட்டுப் பலகை. மிதிவெடி எடுக்கிற ஆக்கள் குளக்கட்டுப் பக்கம் முடிச்சு, இந்தப் பத்தைப் பக்கம் இன்னும் தொடாமல் நாடாவைக் கட்டிப்போட்டுப் போயிருக்கினம். அவன் நாடாவைத் தூக்கினான், குனிஞ்சு உள்ளுக்க போனான். காலைத் தூக்கி, நான் தூக்கிற மாதிரி, அந்தரத்தில வைச்சு, பிள்ளையளைப் பாத்து ஒரு கண்ணடிச்சு, அதையும் பிடிச்சிருக்கிறான் அறுவான், வைச்சான். "டமார்" எண்டுதுகள் எல்லாம். விழுந்தான். "அப்பையா எழும்பி வா" எண்டுதுகள். எழும்பி ஆடினான்.

என்ர கையில கரிக்கட்டி. "டேய் வெளிய வாடா நாயே" எண்டு கத்தினன், என்ர சொந்தக் குரலில கத்தினன், பாதி மீசையோட, அதுகள் திரும்பிப் பாத்திட்டுச் சிரிக்குதுகள். அப்பையா தொடங்கிட்டார் எண்டு நினைச்சிட்டுதுகள். நான் ஏச ஏச இன்னும் சிரிப்பு, நான் தலையில அடிச்சா அதுக்கும் சிரிப்பு, நான் அழுதாலும் சிரிச்சிருக்குங்கள், இது என்ன சாபமோ, ஊரில ஆர் கண்டிச்சாலும் கேப்பினம், பவளக்கா கண்டிச்சா அது பகிடி. ஓடிப்போய் நாடாக் கரையில நிண்டு அவன்ர சட்டையில பிடிச்சு இழுத்து வெளிய எடுத்தன். இழுக்க அவனும் என்ர மாதிரியே இழுபட்டு வாறான், கையைக் காலை உதறி, நடிச்சு. டிலக்சி எண்டொரு பெட்டை, முன்பல்லு இல்லை, ரட்டைப் பின்னல், என்ர சாறத்தைப் பிடிச்சு இழுத்துச் சொன்னாள், "ஏனக்கா ஏசுறியள், செத்தாப் பிறகுதானே ரொபி." அவள் பகிடி விடேல்லை. பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொல்லிச்சுது அந்தப் பிள்ளை. நாங்கள் படிப்பிச்ச பாடம். படம் கீறி, மைக் பூட்டி, வாகனத்துக்கு எண்ணெய் அடிச்சு வந்து படிப்பிச்சது இதுதான், மிதி, விழு, எழும்பு, ரொபி. சேரிட்டை ஓடினன். சேர் மாலையை நேராக்கிக்கொண்டு நிண்டவர். சொன்னன், எல்லாம் சொன்னன், நாடாவுக்குள்ள போகுதுகள் சேர், ஒவ்வொரு நாளும் போகுதுகளாம், இண்டைக்கு நான் எழும்பமாட்டன் சேர், தூக்கிக்கொண்டு போகட்டும் சேர். சேர் என்னைப் பாக்கேல்லை, ரோட்டைப் பாக்கிறார். "பவளக்கா, பிளீஸ், இண்டைக்கு வேண்டாம், மடம் டான்ஸைப் பாக்கத்தான் வாறா. திங்கட்கிழமை மீற்றிங்கில நான் எடுத்துக் கதைக்கிறன்." திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்லி மிதிவெடிக்குக் கடிதம் போடுவமே சேர் எண்டு கேட்டன். "உங்களுக்கு எல்லாம் பகிடி" எண்டார். பாருங்கோ. அவருக்கும் பகிடி. ஒருத்தனும் இந்த மூஞ்சையை நம்பமாட்டான், பிறகு ஏன் இந்த மூஞ்சையைக் கூட்டிக்கொண்டு திரியிறியள், பள்ளிக்கூடம் விட்ட உடனை அதுகள் கையில ரொபியோட எங்க போகும், நேர பின்பக்கம் போகும், புதுசா ஒரு தரம் அப்பையா பாத்த சூட்டோட போகும், இண்டைக்கு டிலக்சி அப்பையாவா நிப்பாள், "என்ர முறை என்ர முறை" எண்டு அடிபடுவினம்.

"பாதுகாப்பு என்பது எமது உரிமை," சேர் இன்னும் பேசுறார், மடத்துக்கு ஒருத்தன் பக்கத்தில நிண்டு இங்கிலீசில சொல்லுறான், சேர் ஒரு சொல்லுச் சொல்ல அவன் ஒரு பந்தி சொல்லுறான், எங்கயிருந்து எடுக்கிறானோ. மணல் முதுகைச் சுடுது. துணிக்குள்ளால வெளிச்சம் வெள்ளையா வருது, சின்னத்தின்ர நிழல் என்ர வயித்தில, கண்ணைத் திறந்தா நூல் நூலாத் தெரியுது. அது நீலமா இருந்தது, இப்பிடி வெள்ளையில்லை. அகதிக் கூடாரத்து நீலத் தறப்பாள். அதை நினைக்கக்கூடாது, வேலை நேரம், வேற என்னத்தையும் நினை, முசுறை நினை, மத்தியானச் சோத்தை நினை, அப்பையா நடையை நினை, நடையை நினைச்சாலும் அங்கதான் போய் நிக்குது, அந்த நடை ஆரின்ர நடை, என்ர மனிசன்ர நடை, சின்னனில சைக்கிளால விழுந்து வளைஞ்ச கால், இடுப்பு ஒரு பக்கம் தலை ஒரு பக்கம், அது நடந்து வந்தா ஒழுங்கை முழுக்க அதோட சேர்ந்து நடக்கிற மாதிரி இருக்கும். நான் பகிடி பழகினதும் அந்தாளிட்டைத்தான், அல்லது அந்தாள் என்னிட்டையோ, ரண்டு பேரும் சேர்ந்தா வீட்டில அடுப்பு எரியாது சிரிப்புத்தான் எரியும். செத்த மாதிரிக் கிடப்பார், குசினி வாசலில, நான் தண்ணிக்குப் போயிட்டு வர விறைச்சுப்போய்க் கிடப்பார், வாயில ஈ போகும் அசையமாட்டார், முதல் தரம் நான் குடத்தைப் போட்டு உடைச்சன், பிறகு பழகிட்டுது, உள்ளங்காலில கிச்சுக்கிச்சு மூட்டினா எழும்புவார். கடற்கரையில, கடைசி நாளுகளில, செல் விழுந்து நாலாபக்கமும் புகை, நான் கஞ்சி வாங்க வரிசையில நிண்டிட்டு வாறன், தறப்பாளுக்குள்ள கிடக்கிறார். காயம் ஒண்டும் தெரியேல்லை. ரத்தம் இல்லை. பிறகுதான் கண்டது, பிடரிக்குக் கீழ, பயறம் மணியளவு ஒரு ஓட்டை. எனக்கு அப்ப என்ன தெரியும், கஞ்சியை வைச்சிட்டுச் சொன்னன், "இஞ்சரப்பா, பகிடி காணும், எழும்புங்கோ, கஞ்சி ஆறப்போகுது." எழும்பேல்லை. "பகிடிக்கும் ஒரு நேரம் காலம் இருக்கு மனிசா." எழும்பேல்லை. உள்ளங்காலில கிச்சுக்கிச்சு மூட்டினன். மூட்டினன், மூட்டிக்கொண்டே இருந்தன், சிரிச்சும் இருக்கிறன் நான், பக்கத்துப் பங்கரால வந்து செபமாலை அண்ணைதான் என்ர கையைப் பிடிச்சு எடுத்தவர். எத்தினை வயசு வந்த மனிசி நான், எனக்கே அவ்வளவு நேரம் எடுத்தது விளங்க. முன்பல்லு விழுந்த பெட்டைக்கு ஆர் விளங்கப்படுத்துறது, சேரின்ர மைக்கோ.

"இப்போது," எண்டுறார் சேர். வந்திட்டுது. "இப்போது எமது இரும்பு அப்பையா மீண்டும் எழும்பி வருவார்! எங்கே பிள்ளைகள், எல்லாரும் கூப்பிடுங்கோ!" செபமாலை அண்ணை மேளத்தை எடுத்தார், டண்டணக்க டண்டணக்க, என்ர காலுக்குள்ள அது பூந்திட்டுது, இது காலில்லை நாய்வால், மேளம் கேட்டா ஆடும், பெருவிரலைச் சுருட்டி குதிக்காலை மணலுக்குள்ள ஊண்டிக்கொண்டு கிடக்கிறன். "அப்பையா எழும்பி வா! அப்பையா எழும்பி வா!" எல்லாப் பிள்ளையளும் ஒரே குரலில, கைதட்டி. தாயே. இந்தச் சத்தத்துக்குத்தானே நான் இவ்வளவு தூரம் வாறது. கமரா ஒண்டு கிட்ட வந்து கிளிக் கிளிக் எண்டுது. மேளம் ஒரு சுத்து முடிஞ்சுது, நான் எழும்பேல்லை. அண்ணை திருப்பி முதலில இருந்து தொடங்கினார், பிழை தன்னிலயாக்கும் எண்டு. பிள்ளையளுக்குச் சிரிப்புக் கூடிட்டுது, "அப்பையா நித்திரையடோ" எண்டு ஒருத்தன், "குறட்டை விடுறார்" எண்டு இன்னொருத்தி, அதுக்கு எனக்கே சிரிப்பு வந்து தொண்டைக்குள்ள கொழுவி நிக்குது. சப்பாத்துச் சத்தம். சேர். துணிக்கு மேலால குனிஞ்சு, மைக்கைப் பொத்திக்கொண்டு, பல்லுக்குள்ளால, "பவளக்கா, எழும்புங்கோ, மடம் பாத்துக்கொண்டு நிக்கிறா." பாக்கட்டும். "பவளக்கா, சொல்லிப்போட்டன், இதுதான் உங்கட கடைசி நாடகம்." ஓம் சேர், எனக்கும் அப்பிடித்தான் தெரியுது. அப்பத்தான் மேளம் நிண்டது. நடுத் தாளத்தில நிண்டது. அண்ணைக்கு விளங்கிட்டுது, அந்தாள் முந்தி ஒருக்கா கண்டவர்.

மேளம் நிக்க, சிரிப்புக்குப் பிடிக்க ஒண்டும் இல்லை. அங்கொண்டு இஞ்சொண்டாக் கேட்டு, பிறகு அதுவும் இல்லை. பாலைமரத்தில காகம். ஆரோ ஒரு ரீச்சர் "என்ன, என்ன நடந்தது" எண்டு கேக்கிறா, சேர் "ஒண்டுமில்லை ஒண்டுமில்லை" எண்டுறார், மடத்தின்ர ஆள் இங்கிலீசில ஒண்டும் சொல்லக் காணேல்லை. வெறுங்கால் நடந்து வாற சத்தம், சின்னக் கால். துணி முகத்தில இருந்து விலகுது. நான் கண்ணைத் திறந்து வைச்சிருக்கிறன், அந்தாள் வைச்சிருந்த மாதிரி, ஒண்டையும் பாக்காமல். டிலக்சியின்ர தலை வெய்யிலை மறைக்குது, ரட்டைப் பின்னல் ரண்டும் என்ர மூஞ்சைக்கு மேல தொங்குது. "அப்பையா," எண்டுறாள், சிரிச்சுக்கொண்டு, "பகிடி காணும், எழும்புங்கோ." எடியே, ஆரடி உனக்கு இந்தச் சொல்லைச் சொல்லித் தந்தது. மூச்சை எடுக்காதை பவளம். கண் எரியுது, இமை வெட்டாதை. சின்ன விரல் ஒண்டு என்ர கரிமீசையைத் தொட்டுப் பாக்குது, கன்னத்தைத் தட்டுது, பிறகு கீழ போய், கள்ளப் பெட்டை, என்ர உள்ளங்காலைச் சுரண்டுது. மாதாவே. நான் விறைச்சுப்போய்க் கிடக்கிறன். "பவளக்கா?" எண்டுறாள். அப்பையா எண்டு கூப்பிடேல்லை. சிரிப்பு அவளின்ர வாயில அப்பிடியே நிண்டு, பல்லில்லாத ஓட்டை தெரிய நிண்டு, பிறகு மெல்ல மெல்லக் கோணுது. அவளுக்குப் பின்னால யதுசன் நிக்கிறான். தோளில அந்த வெறுஞ்சாக்கு. "ஏய், அப்பையா எழும்பேல்லையடி," எண்டு சொல்லுறான், ஆரின்ர குரலும் இல்லாமல், தன்ர குரலில, சின்னப் பெடியன்ர குரலில. சாக்கு தோளால நழுவி மணலில விழுது. முதலில அழுதது ஆரெண்டு தெரியேல்லை. ஒண்டு தொடங்க மற்றது, மற்றது தொடங்க எல்லாம். அழுங்கோ பிள்ளையள். நல்லா அழுங்கோ. பிறகு எழும்பி ஒவ்வொருத்தரையும் மடியில வைச்சுத் தேத்துறன், இப்ப ஏலாது, இப்ப எழும்பினா எல்லாம் போச்சு. யதுசன் என்ர கண்ணையே பாத்துக்கொண்டு நிக்கிறான், ஒரே ஒரு கண்ணடிப்புக் காணும் அவனுக்கு, அந்த ஒண்டுக்காகத்தான் காத்துக்கொண்டு நிக்கிறான், எனக்கும் இமை துடிக்குது, உயிர் போற மாதிரித் துடிக்குது.

நான் கண்ணடிக்கேல்லை.